சம்பந்தி வீட்டு இறால்

தம்பி, பசியாறிவிட்டு இதைப் படி. வெறும் வயிற்றில் படித்தால் உனக்குக் கோபம்தான் வரும். பசி வந்தால் உனக்கும் எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீடே அறிந்த சங்கதி. நான் இப்போது புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு வந்து எண்ணெய் ஆலை வாசலில் நிற்கிறேன். எனக்கு முன்னால் லாரிகள் ரோட்டு வளைவு வரைக்கும் நிற்கின்றன. எடை போட்டுக் கொட்டிவிட்டுத் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு எவனாவது கடிதம் எழுதுவானா என்று உன் அம்மா கேட்பாள். கேட்கட்டும். வாயால் சொன்னால் என் குரல் ஏறிவிடும், நீ போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாய், பாவம் அந்தக் கோகிலா நடுவில் நின்று முழிப்பாள். மாசமாக இருக்கிற மருமகள் முன்னால் நான் கத்த விரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். லுக்குட்டில் உன் மாமனார் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்திருக்கிறது, குழந்தை பிறக்கும் முன்னாலேயே அங்கே போய்விடுவதாக இருக்கிறோம் என்று. நான் என்ன சொன்னேன்? "சரிப்பா, நல்லதுதான்" என்று சொல்லி, கையைக் கழுவிவிட்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டேன். அந்தச் செயினுக்கு முந்தைய நாள்தான் விட்டிருந்தேன். எண்ணெய் வழிந்து சிமெண்டுத் தரை கறையானதுக்கு உன் அம்மாவிடம் திட்டும் வாங்கினேன். நீ சொன்ன காரணம் சரி. அம்மா நம் ஊர் செனாவாங் தொழிற்சாலையில் இன்னும் ஷிப்டு வேலைக்குப் போகிறாள், நான் லாரியில் இருப்பேன், இங்கே பச்சைக் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, அங்கே சம்பந்தியம்மா வீட்டோடு இருக்கிறார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதும் நம் வழக்கம்தான். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நான் சொன்ன "நல்லதுதான்" பொய். எனக்குப் பொறாமை. உன் மாமனார் மேல் எனக்கு வயிறு பற்றி எரிகிற பொறாமை. எழுதிவிட்டேன், இப்போது கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு லுக்குட் போனோமே, அன்றைக்கு. சம்பந்தி கடற்கரை ஹோட்டலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பெண் பார்க்கும்போதே சொன்னார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரியாணி, கோழி, எல்லாம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். பிறகு அவர் பெரிய தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாவில் தோய்த்துப் பொரித்த இறால். வால் மட்டும் சிவப்பாக வெளியே நீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் குச்சி மாதிரி நேராக. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மிளகாயும் பூண்டும் போட்ட புளிப்பும் இனிப்புமான சாஸ். நீ ஒன்றை எடுத்துத் தொட்டுக் கடித்தாய். மொறுக்கென்ற சத்தம் எதிரில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாய். கண்ணைத் திறந்து, "மாமா, இன்னும் இருக்கா?" என்று கேட்டாய்.

இன்னும் இருக்கா! என் வீட்டில் நீ பிறந்து வளர்ந்து தாடி முளைக்கிற வரைக்கும் இந்த வார்த்தையை என்னிடம் ஒரு நாள் கேட்டதுண்டா? அம்மாவுக்கு மத்தியான ஷிப்டு வரும் வாரமெல்லாம் உனக்கு ராச்சாப்பாடு போட்டவன் நான்தானே. மத்தி மீன் டின்னை உடைத்துப் பெரிய வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கி, முட்டை பொரித்து, சோற்றைக் குழைய விட்டு, அதையும் தட்டில் மேடு கட்டி வைப்பேன். நீ டிவியைப் பார்த்தபடியே தின்பாய். "எப்படிடா இருக்கு?" என்று கேட்டால், "ஓகேலா பா" என்பாய். ஓகேலா! நானும் அதையே பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு, பாத்திரம் கழுவிவிட்டுப் போய்ப் படுப்பேன். அந்த ஓகேவுக்கு மேலே உன் வாயில் வேறு வார்த்தையும் இருக்கிறது என்பது எனக்கு லுக்குட்டில்தான் தெரிந்தது.

நான் எப்போதும் இப்படி வயிறெரிகிறவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சின்னப் பிள்ளையில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், நெத்திலிச் சம்பல் வைத்தால் நீ தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடிவிடுவாய். அவள் மடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு வாயெல்லாம் எண்ணெயோடு வருவாய். எனக்கு ஒரு சொட்டுப் பொறாமை வந்ததில்லை. ஏன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அங்கேயிருந்து நீ பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுவாய்.

விருந்துக்குப் பிறகு உங்கள் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் லுக்குட்டுக்குப் போனது. காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவீர்கள். நடுவில் போனில் படம் வரும்: தட்டு நிறைய இறால், பின்னால் அந்த மனிதர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. உன் அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "சம்பந்திக்கு எவ்வளவு பொறுமை பாருங்க, நீங்களும் இருக்கீங்களே" என்பாள். நான் அவர் போட்டிருந்த சட்டையைப் பார்ப்பேன். தீபாவளிக்கு நீ எனக்கு எடுத்த அதே ரகம், அவருக்கு நீலத்தில். எனக்கு ஏன் பழுப்பு, அவருக்கு ஏன் நீலம் என்று ஒரு வாரம் யோசித்திருக்கிறேன். சிரிக்காதே. என் வயதுக்கு இது வெட்கக்கேடு என்று எனக்கும் தெரியும்.

சரி, அந்த இறாலில் அப்படி என்ன மாயம் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் தீர்மானித்தேன். லுக்குட் பக்கம் லோடு போன சாக்கில் சம்பந்தி வீட்டுக்குப் போனேனே, நினைவிருக்கிறதா? "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். வேவு பார்க்கத்தான் போனேன். மனிதர் எதையாவது மறைப்பார், அதைப் பிடித்துக்கொண்டு அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்று எனக்கு ஆசை. அவரோ, "வாங்க சம்பந்தி, நல்ல நேரத்துல வந்தீங்க, எறா இப்பதான் வாங்கியாந்தேன்" என்று என்னைக் கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போனார். வயிற்றுப் பக்கம் கத்தியால் லேசாகக் கீறி முதுகை அமுக்கினால் இறால் சுருளாது என்று காட்டினார். ஈரம் போகத் துடைத்துவிட்டு முதலில் வெறும் மாவில் புரட்ட வேண்டும், அப்போதுதான் மேல்மாவு பிடிக்கும் என்றார். கோதுமை மாவும் சோளமாவும் கலந்து ஐஸ் தண்ணீரில் கரைக்க வேண்டும், ரொம்பக் கலக்கக் கூடாது என்றார். "இன்னொரு விசயம் சம்பந்தி, கொஞ்சம் சுண்ணாம்பைத் தண்ணியில போட்டு, தெளிஞ்ச தண்ணி மட்டும் ஒரு கரண்டி ஊத்துங்க. ரோட்டோரம் வாழைப்பழம் பொரிச்சு பீசாங் கோரேங் விக்கிறவங்க செய்றதுதான். மொறுமொறுப்பு நிக்கும்" என்றார். எதையும் மறைக்கவில்லை, பாவி மனிதர். மறைத்திருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

ஆனால் நான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன், அல்லது அப்படி நினைத்தேன். அவர் இறாலில் மஞ்சள் போடவில்லை. மஞ்சள் போடாமல் இறால் கழுவுகிற வீடும் ஒரு வீடா? நம் வீட்டில் மீனோ இறாலோ மஞ்சள் தடவாமல் சட்டிக்குப் போனதில்லை. இதுதான் அவர் விட்ட இடம், இங்கேதான் அவரை மிஞ்சப் போகிறேன் என்று திரும்பும் வழியெல்லாம் லாரியில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பாசாரில் நல்ல இறாலாகப் பொறுக்கி வாங்கி வந்தேன். மஞ்சளைத் தாராளமாகத் தடவினேன், மாவிலும் கொட்டினேன். அப்புறம் உன் அம்மா வெற்றிலைக்கு வைத்திருக்கும் டப்பாவைத் திறந்தேன். அவர் தெளிந்த தண்ணீர் ஒரு கரண்டி என்றார் அல்லவா, அவருக்கு அது போதும், எனக்கு இன்னும் மொறுமொறுப்பு வேண்டும் என்று சுண்ணாம்பையே விரலால் வழித்துப் போட்டுக் கலக்கினேன்.

மாவு சிவந்துவிட்டது. இளஞ்சிவப்பு இல்லையடா, கல்யாண மண்டபத்து வாசல் சிவப்பு. என்னமோ பாத்திரத்தில் கோளாறு என்று வேறு பாத்திரத்தில் மாற்றினேன், அங்கேயும் சிவப்பு. அந்த நேரம் பார்த்து உன் அம்மா ஷிப்டு முடிந்து உள்ளே வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை, பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னங்க, ஆரத்தி கரைச்சு வச்சிருக்கீங்க? யாரு வர்றா?" என்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது இந்த உலகத்துப் பெண்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை கல்யாணத்தில் எனக்கே சுற்றியிருக்கிறார்கள்! சுற்றின தட்டைப் பார்த்தேனே ஒழிய, அதில் என்ன கரைத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "சம்பந்தியோட போட்டி போட்டு மருந்து கரைச்ச மாதிரி இருக்குலா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வீம்புக்கு அதையே பொரித்தேன். கருஞ்சிவப்பாக வந்தது. ஒரே கசப்பு, நாக்கு பொத்துப் போனது. அவள் பார்க்கிறாளே என்று நன்றாக இருப்பதுபோல் மென்று விழுங்கினேன். அன்றைக்கு நீ வந்து, "என்னப்பா, வாய் வெந்து கிடக்கு?" என்று கேட்டபோது சூடான கோப்பி குடித்துவிட்டேன் என்றேன்.

நான் விடவில்லை. மஞ்சளை விட்டேன், வீம்பை விடவில்லை. அடுத்த முறை சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளியவிட்டு ஒரு கரண்டியோடு நிறுத்தினேன். எண்ணெய் காயாமல் போட்டதில் மாவு கழன்று தனியாக மிதந்தது. அதற்கடுத்த முறை எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டி ஒன்றோடொன்று ஒட்டவைத்தேன். நன்றாக வந்ததைக் கூட நாளிதழ் மேல் கொட்டி வைத்து, ஆவியில் நமத்துப்போகச் செய்தேன். கம்பித் தட்டில் வைக்க வேண்டும் என்று பிறகுதான் விளங்கியது. சாஸுக்கு மிளகாயும் பூண்டும் அரைத்து, வினிகர் காடியும் சீனியும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஆறினபிறகு லீமாவ் எலுமிச்சை பிழிந்தேன். சூட்டில் பிழிந்தால் கசக்கிறது. இதையெல்லாம் நீயும் தெரிந்து வைத்துக்கொள். கோகிலாவுக்கு ஆசை வரும்போது அவள் அப்பாவைக் கூப்பிடாமல் நீயே எழுந்து அடுப்பைப் பற்றவை. பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது அவள் கேட்டதைச் செய்து கொடுத்தவனை அவள் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டாள், செய்யாதவனையும் மறக்க மாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களை லுக்குட் போக விடாமல் நிறுத்தி வைத்தேன். எல்லாம் கூடி வந்தது. எண்ணெய் சரியான சூடு, மாவு ஜில்லென்று, இறால் நேராக, வால் சிவப்பாக. தட்டைக் கொண்டுவந்து உன் பக்கமாகவே தள்ளி வைத்தேன், நீ கவனித்திருக்க மாட்டாய். நீ ஒன்றை எடுத்துச் சாஸில் தொட்டுக் கடித்தாய். அந்தச் சத்தம் என் வீட்டில் கேட்டது! கண்ணை மூடினாய். நான் காத்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்து முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாய், "பா! சூப்பர்லா! அப்படியே மாமா செய்ற மாதிரியே இருக்கு!"

கோகிலாவும், "ஆமா மாமா, கண்ணை மூடிட்டுச் சாப்பிட்டா எங்கப்பா செஞ்சதுன்னுதான் சொல்லுவேன்" என்றாள். அந்தப் பிள்ளை மனசாரப் பாராட்டியது, அவளை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம்தான் நீ வீடு மாறுகிற சேதியைச் சொன்னாய். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இவனுக்கு ஜாலிதான். அங்க தாத்தா, இங்க செனாவாங் தாத்தா" என்றாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

தம்பி, இந்த ஊர்ப்பேர் யாருக்கு விழும் என்று உனக்குத் தெரியுமா? பக்கத்தில் இருக்கிறவர் வெறும் தாத்தா. எப்போதாவது பார்க்கிறவருக்குத்தான் முன்னால் ஊர்ப்பேர் போட்டு அடையாளம் சொல்ல வேண்டும். சுவா ஊரில் இருந்த என் அப்பா உனக்குச் சுவா தாத்தா. நம்மோடு இருந்த உன் அம்மாவின் அப்பா வெறும் தாத்தா. ஒரு தடவை சுவாவுக்குப் போயிருந்தபோது என் அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம், "நான் சுவா தாத்தாவாம்யா, பேரன் பேரு வச்சிருக்கான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அவர் எப்படிச் சிரித்தார் என்று போன ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அதே மாதிரிதான் நானும் சிரித்தேன். பிறகு செயினுக்கு எண்ணெய் விடப் போனேன்.

உனக்கும் பிள்ளை பிறக்கப் போகிறது, அதனால் சொல்கிறேன். அது நாளைக்கு யார் மடியிலாவது போய் உட்கார்ந்துகொண்டு உன்னைப் பார்த்து, வரமாட்டேன் என்று தலையாட்டும். வாத்தியார் சொன்னதுதான் சரி என்னும், கூட்டாளி வீட்டுச் சோறுதான் ருசி என்னும். உனக்கு எரியும். எரிந்தால் எரிகிறது என்று சொல். "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போகாதே, வெளியே செய்வதற்கு ஒன்றும் இல்லை. இன்னொன்று: ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது இன்னொருத்தர் கையைப் புகழாதே. என்னிடம் தப்பித்துவிட்டாய், உன் மாமியாரிடம் போய் உன் அம்மா மீன்குழம்பைப் புகழ்ந்து பார், அப்போது தெரியும்.

சம்பந்தியை வெறுக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வெறுக்க முடிந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். நல்ல மனிதர், உன்னைத் தன் பிள்ளையாட்டம் பார்க்கிறார். அதுதான் எனக்கு ஆகவில்லை, நீ எப்படி அவருக்குப் பிள்ளையாவாய், என் பிள்ளை அல்லவா. நேற்று அவரே எனக்குப் போன் செய்தார். "சம்பந்தி, சனிக்கிழமை சாமான் ஏத்தணும், வெளியில லாரி பிடிச்சா கண்டபடி தூக்கிப் போடுவாங்க, நீங்க ஓட்டினா எனக்குக் கவலையில்ல" என்றார். உன்னை என் வீட்டிலிருந்து கொண்டுபோய் அவர் வீட்டுப் பக்கத்தில் இறக்க என்னையே லாரி ஓட்டக் கூப்பிடுகிறார். நானும், "அதுக்கென்ன சம்பந்தி, நம்ம பிள்ளைங்கதானே" என்று சொல்லிவிட்டேன். என் கூட்டாளியின் சின்ன லாரியைக் கேட்டு வைத்திருக்கிறேன். உன் கட்டில், அலமாரி, ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் நானே கயிறு போட்டுக் கட்டுவேன். ஒரு கீறல் விழாது.

போனை வைக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை காலையில் சம்பந்தியம்மாவோடு காரில் செனாவாங்குக்கே வந்துவிடுகிறாராம். திரும்பும்போது கோகிலாவைக் காரில் சம்பந்தியம்மா கூட்டிக்கொண்டு போகட்டும், தான் லாரியில் நம்மோடு முன்னால் உட்கார்ந்து வழி காட்டுவதாகச் சொன்னார். லுக்குட்டுக்கு எனக்கு வழி காட்டுகிறாராம்! அந்த லாரியில் முன்பக்கம் மூன்று பேர் உட்காரலாம். ஒன்று நான். ஒன்று நீ. லுக்குட் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும், நான் ஓட்டினால் ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாவது இடத்தில் அம்மாவின் பெரிய அம்மியை ஏற்றி, அசையாமல் கட்டி வைக்கப் போகிறேன். ஏன் என்று சம்பந்தி கேட்டால், அப்பாவுக்குத்தான் தெரியும் என்று சொல்.